எல்டிபியா, ஆர்எஸ்விபி-டிஇயா, செக்மென்ட் ரூட்டிங்கா: எம்பிஎல்எஸ் கோருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

பாக்கெட்டின் முன்னால் லேபிள் என்ற சிறு எண்ணை ஒட்டி, அதை வைத்தே ரூட்டருக்கு ரூட்டர் கடத்தும் முறை எம்பிஎல்எஸ். நெட்வொர்க்கின் நடுப்பகுதியான கோரில் அதைப் போடுவது என்று முடிவான பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: லேபிளை யார் ஒதுக்குவது, அதை அடுத்த ரூட்டருக்கு யார் சொல்வது? இந்த வேலைக்கு இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. எல்டிபி, ஆர்எஸ்விபி-டிஇ, செக்மென்ட் ரூட்டிங். பாக்கெட் ஓடும் விதத்தில் மூன்றுக்கும் வேறுபாடே கிடையாது. 2001 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3032 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த 32 பிட் தலைப்புதான் எல்லாவற்றிலும்: லேபிளுக்கு 20 பிட், போக்குவரத்து வகைக்கு 3, அடுக்கின் அடியைக் குறிக்க 1, டிடிஎல்லுக்கு 8. ரூட்டரின் சிப் லேபிளைப் பார்க்கும், மாற்றும், அனுப்பும். அந்த லேபிள் எந்த புரோட்டோகால் வழியாக வந்தது என்பது அதற்குத் தெரியாது.

வேறுபாடு கன்ட்ரோல் பிளேனில், அதாவது ரூட்டர்கள் பாதையையும் லேபிளையும் தங்களுக்குள் பேசி முடிவுசெய்யும் பகுதியில், இருக்கிறது. பாதை பற்றிய தகவல் எந்தெந்த ரூட்டரில் தங்குகிறது, ஒரு ஃபைபர் அறுந்தால் எவ்வளவு நேரத்தில் போக்குவரத்து மீள்கிறது, பழுது வந்தால் எத்தனை அட்டவணைகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது என்பவற்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதிதாகக் கட்டும் கோரில், எல்லாப் பெட்டிகளும் ஆதரித்தால், செக்மென்ட் ரூட்டிங். ஆதரிக்காத பெட்டிகள் பாதிக்கு மேல் இருந்தால் எல்டிபி. இணைப்பில் இத்தனை ஜிகாபிட் என்று கணக்கு வைத்தே ஆகவேண்டிய தேவை உண்மையாகவே இருந்தால் மட்டும் ஆர்எஸ்விபி-டிஇ. காரணங்கள் கீழே.

பேசுவதற்கு ஒரு மாதிரி வேண்டும். எட்டு ரூட்டர்கள், 10 ஜிகாபிட் வளையம், குறுக்கே இரண்டு இணைப்புகள். லூப்பேக் முகவரிகள் (எந்த இணைப்பையும் சாராத, ரூட்டரின் சொந்த முகவரிகள்) 10.255.0.1 முதல் 10.255.0.8 வரை. வாடிக்கையாளர்களுக்கு லேயர் 3 விபிஎன் (ஐபி அளவில் தனி நெட்வொர்க்), சிலருக்கு லேயர் 2 பாயின்ட்-டு-பாயின்ட் (இரு முனைகளை இணைக்கும் எதர்நெட் இணைப்பு). ஒரு மாவட்ட அளவிலான இணையச் சேவை நிறுவனமோ, பல வளாகங்களைக் கொண்ட பல்கலைக்கழகமோ ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் எம்டியூ

எம்பிஎல்எஸ் நெட்வொர்க்குகளில் வரும் புகார்களில் மிகப் பழகியது இது: பிங் போகிறது, லாகின் பக்கம் திறக்கிறது, ஃபைல் மட்டும் இறங்கவில்லை. காரணம் எம்டியூ, அதாவது ஓர் இணைப்பு ஏற்கும் மிகப்பெரிய பாக்கெட் அளவு. லேபிள் ஒன்றுக்கு 4 பைட் கூடுகிறது. லேயர் 3 விபிஎன்னில் போக்குவரத்து லேபிள் ஒன்று, விபிஎன் லேபிள் ஒன்று, ஆக 1500 பைட் பாக்கெட் 1508 ஆகிறது. லேயர் 2 சேவையில் வாடிக்கையாளரின் எதர்நெட் தலைப்பு 14, அதற்கும் லேபிளுக்கும் இடையே வரும் கன்ட்ரோல் வேர்டு 4, இரண்டு லேபிள் 8, எல்லாம் சேர்ந்து 1526. வாடிக்கையாளர் விலான் குறியோடு அனுப்பினால் 1530. செக்மென்ட் ரூட்டிங்கில் மாற்றுப்பாதைக்கு இரண்டு லேபிள், போக்குவரத்தை இணைப்புகளுக்குள் பிரிக்க உதவும் என்ட்ரோபி லேபிளுக்காக இன்னும் இரண்டு என்று கூடினால் லேயர் 3 பாக்கெட்டே 1524ஐத் தொடும்.

எனவே கோர் இணைப்புகளில் 1508, 1526 என்று இழுத்துப் பிடிக்காமல் 9000க்கு மேல் வையுங்கள். இடையில் இருக்கும் சுவிட்ச், மைக்ரோவேவ் ரேடியோ, வாடகைக்கு எடுத்த எதர்நெட் சர்க்யூட் எல்லாமே அந்த அளவைத் தாங்குகின்றனவா என்று தனித்தனியாகச் சோதியுங்கள். துண்டாக்காதே என்ற பிட்டை ஏற்றி, பெரிய அளவில் பிங் அனுப்பினால் போதும். லினக்ஸில் பிங் அளவாகக் கொடுப்பது ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளின் 28 பைட் நீங்கலான எண். அதாவது 1472 என்று கொடுத்தால் 1500 பைட் பாக்கெட். சோதனையை இணைப்புக்கு இணைப்பு செய்ய வேண்டும். முனையிலிருந்து முனைக்கு மட்டும் செய்தால் எந்த இணைப்பு அடைக்கிறது என்று தெரியாது. எம்டியூவை மாற்றும்போது இரு முனைகளிலும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறினால் பாதை கண்டறியும் புரோட்டோகாலான ஓஎஸ்பிஎஃப்பின் அண்டைநிலை எக்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையிலேயே நின்றுவிடும்.

இன்னொன்றும் மூன்றுக்கும் பொது. வாடிக்கையாளர் பக்க இன்டர்ஃபேஸில் எம்பிஎல்எஸ்ஸை இயக்காதீர்கள். வெளியிலிருந்து லேபிளோடு வரும் பாக்கெட்டை ரூட்டர் ஏற்றுக்கொண்டால், லேபிள் எண்ணை ஊகித்தே ஒருவர் இன்னொருவரின் விபிஎன்னுக்குள் பாக்கெட் தள்ளிவிட முடியும்.

எல்டிபி: எளிது, ஆனால் ஐஜிபியின் நிழல்

எல்டிபியின் இன்றைய வரையறை 2007 அக்டோபரின் ஆர்எஃப்சி 5036. வேலை செய்யும் முறை நேரடியானது. ரூட்டர்கள் 224.0.0.2 முகவரிக்கு யுடிபி 646இல் ஹலோ அனுப்பி ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. பிறகு டிசிபி 646இல் செஷன் அமைத்து, தங்கள் ரூட்டிங் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு முகவரித் தொகுப்புக்கும் ஒரு லேபிளைச் சொல்கின்றன. பாதையைத் தேர்வது ஓஎஸ்பிஎஃப் அல்லது ஐஎஸ்-ஐஎஸ்; நெட்வொர்க்குக்குள் பாதை தேடும் இவற்றுக்கு ஐஜிபி என்று பெயர். எல்டிபி அதன் பின்னால் போகிறது, அவ்வளவே. ரூட்டர் ஐடி, டிரான்ஸ்போர்ட் முகவரி, இன்டர்ஃபேஸ் பெயர்கள்: கான்ஃபிகரேஷன் இவற்றோடு முடிந்துவிடும். பத்தாண்டு பழைய பெட்டியிலும் ஓடும், மைக்ரோடிக்கிலும் ஓடும். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள்.

செஷன் எழவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் டிரான்ஸ்போர்ட் முகவரி. ஹலோ இன்டர்ஃபேஸ் வழியாக வருகிறது, டிசிபி இணைப்போ லூப்பேக்குக்குப் போகிறது. அந்த லூப்பேக் ஐஜிபியில் இல்லையென்றால் அண்டை ரூட்டர் கண்ணுக்குத் தெரியும், செஷன் மட்டும் வராது. அடுத்த காரணம், ஒரு பக்கம் மட்டும் எம்டி5 கடவுச்சொல் இருப்பது.

லூப்பேக்கை எப்போதும் /32 ஆகவே வையுங்கள். /24 என்று கொடுத்தால் சிஸ்கோ ரூட்டரில் ஓஎஸ்பிஎஃப் அதை /32 என்று அறிவிக்கும், எல்டிபி /24க்கு லேபிள் கட்டும். அண்டை ரூட்டரில் /32க்கு ரூட் இருக்கும், லேபிள் இருக்காது. லேபிள் பாதை கடைசிக்கு முந்தைய ரூட்டரில் அறுந்து, விபிஎன் முழுவதும் படுத்துவிடும். லூப்பேக்குக்கு லூப்பேக் பிங் அடித்தால் ஐபி வழியாகப் போய்ச் சேர்வதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஏரியா எல்லையில் லூப்பேக்குகளைச் சுருக்கி அறிவித்தாலும் இதே கதிதான், ஏனென்றால் எல்டிபி லேபிளுக்கு ரூட்டிங் அட்டவணையில் அச்சு அசலான பொருத்தம் வேண்டும்.

எல்டிபியின் உண்மையான பலவீனம் இரண்டு புரோட்டோகால்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்காததுதான். அறுந்த ஃபைபரைச் சேர்த்ததும் ஐஜிபி ஓரிரு வினாடியில் எழுந்து போக்குவரத்தை அந்த இணைப்புக்குத் திருப்பிவிடும். எல்டிபி செஷன் எழுந்து லேபிள்கள் வந்து சேர இன்னும் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் விபிஎன் லேபிளோடு வரும் பாக்கெட்டுக்கு மேலே போட லேபிள் இல்லாமல் ரூட்டர் அதைக் கீழே போட்டுவிடும். இணைப்பு அறுந்தபோது வராத புகார் இணைப்பு திரும்பியபோது வருகிறதென்றால் இதுதான் காரணம். இதற்கு மருந்து எல்டிபி-ஐஜிபி ஒத்திசைவு, ஆர்எஃப்சி 5443. எல்டிபி தயாராகும் வரை அந்த இணைப்பின் மெட்ரிக்கை, அதாவது பாதைச் செலவை, உச்சத்தில் வைத்து அறிவிக்கும்: ஓஎஸ்பிஎஃப்பில் 65535, ஐஎஸ்-ஐஎஸ் அகல மெட்ரிக்கில் 16777214. எல்டிபி போடுகிறவர்கள் இதை விருப்பத் தேர்வாக நினைக்கக் கூடாது. முதல் நாளிலேயே எல்லா கோர் இன்டர்ஃபேஸிலும் இருக்க வேண்டும்.

லேபிள் பெருக்கமும் கவனிக்க வேண்டியது. சிஸ்கோ ஐஓஎஸ் இயல்பாக ஐஜிபியில் உள்ள எல்லா முகவரித் தொகுப்புக்கும் லேபிள் கொடுக்கும். ஜூனிப்பர் தன் லூப்பேக்குக்கு மட்டும் கொடுக்கும். ஜூனிப்பரின் வழக்கமே நல்லது. சிஸ்கோவிலும் /32 ஹோஸ்ட் ரூட்டுகளுக்கு மட்டும் என்று வடிகட்டிவிடுங்கள். அட்டவணை சிறுத்தால் தேடுவதும் எளிது.

வேகமாக மீள்வதில் எல்டிபி பின்தங்குகிறது. லூப்-ஃப்ரீ ஆல்டர்னேட் என்ற முறையில், அண்டை ரூட்டர் ஒன்று நம் வழியாகத் திரும்பி வராமல் இலக்கை அடையும் என்றால் அதை மாற்றாக வைத்துக்கொள்ளலாம். வளையத்தில் இது கைகொடுக்காது. நான்கு ரூட்டர் வளையம், ஒவ்வொரு இணைப்பும் 10 என்று வையுங்கள். நம் வலப்பக்க அண்டைதான் இலக்கு. அந்த இணைப்பு அறுகிறது. இடப்பக்க அண்டையிலிருந்து இலக்குக்கு மறுபுறமாகத் தூரம் 20. நம் வழியாக வந்தாலும் 20. முன்னது பின்னதைவிடக் கண்டிப்பாகக் குறைவாக இருந்தால்தான் பாதுகாப்பு. சமமாக இருப்பதால் தேறவில்லை. தொலைதூர ஆல்டர்னேட்டைச் சேர்த்தால் வளையத்தில் பெரும்பாலும் தேறும், ஆனால் அதற்குத் தொலைவில் உள்ள ரூட்டரோடு தனி டார்கெட்டட் எல்டிபி செஷன் தானாகவே எழ வேண்டும். மெட்ரிக்குகள் கோணலாக இருந்தால் அதுவும் தேறாது. எளிமைக்காக எல்டிபியைத் தேர்ந்தவருக்கு இந்த இடத்தில் அந்த எளிமை கைவிட்டுப் போகிறது.

ஆர்எஸ்விபி-டிஇ: கணக்கு வைப்பவருக்கு மட்டும்

2001 டிசம்பரின் ஆர்எஃப்சி 3209. தொடக்க ரூட்டர் பாதையைக் கணக்கிட்டு, இலக்கு வரை பாத் செய்தி அனுப்புகிறது. இலக்கிலிருந்து ரிசர்வ் செய்தி லேபிளைச் சுமந்து ஒவ்வொரு ரூட்டராகத் திரும்பி வருகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் இப்படி அமைந்த பாதையை, அதாவது டனலை, நினைவில் வைத்துக்கொள்கிறது. 30 வினாடிக்கு ஒருமுறை புதுப்பித்தல் வர வேண்டும். வராவிட்டால் சுமார் 157 வினாடியில் டனல் அழியும்.

இது கொடுப்பது வேறு எதிலும் அப்படியே கிடைக்காது. 10 ஜிகாபிட் இணைப்பில் 4 ஜிகாபிட் ஒரு டனலுக்கு, 3 ஜிகாபிட் இன்னொன்றுக்கு என்று நெட்வொர்க்கே கணக்கு வைக்கும். மிச்சம் போதாவிட்டால் புது டனலை வேறு வழியில் தேடும். 0 முதல் 7 வரை முன்னுரிமை கொடுத்து, முக்கியமான டனல் மற்றதை விலக்கிவிட்டு ஏறும்படி செய்யலாம். டனல் வாரியாகப் போக்குவரத்து அளவு தானாகவே கிடைக்கும். எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு எவ்வளவு ஓடுகிறது என்ற மேட்ரிக்ஸை வேறு கருவி இல்லாமலே எடுத்துவிடலாம். இணைப்பு அறுந்தால் உடனே மாற்றுவழிக்குத் தாவும் ஃபாஸ்ட் ரீரூட்டும் நெடுங்காலமாகச் சோதிக்கப்பட்டது.

ஆனால் இந்தக் கணக்கு காகிதத்தில் மட்டுமே என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். 2 ஜிகாபிட் என்று ஒதுக்கிய டனலில் 5 ஜிகாபிட் ஓடினாலும் எதுவும் தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் வேகத்துக்கு வரம்பு கட்டும் போலீசிங்கைத் தனியாகப் போட வேண்டும். ஒதுக்கீடு உண்மையோடு ஒத்துப்போக ஆட்டோ-பேண்ட்வித்தை இயக்க வேண்டும். சிஸ்கோவில் அதன் இயல்பு 5 நிமிடத்துக்கு ஒரு அளவீடு, 24 மணி நேரத்துக்கு ஒரு திருத்தம். மாலையில் மட்டும் ஏறும் போக்குவரத்துக்கு 24 மணி நேரம் என்பது மிக மெதுவானது; அதே நேரம் சில நிமிடங்களாகக் குறைத்தால் டனல்கள் ஓயாமல் இடம் மாறும்.

இடம் கொள்ளாத சிக்கல் அடுத்தது. இரண்டு இணைப்புகளில் தலா 6 ஜிகாபிட் மிச்சம் இருக்கிறது. 8 ஜிகாபிட் டனல் வருகிறது. மொத்தம் 12 இருந்தும் எதிலும் அது நுழையாது. நான்கு நான்காக இரண்டு டனல்களாகப் பிரித்தால் நுழையும். பெரிய டனல்களைச் சிறியவையாக உடைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் எண்ணிக்கை இன்னும் பெருகும்.

எண்ணிக்கைதான் இதன் சுமை. டனல் ஒருவழி, எட்டு முனைகளுக்கு முழு மெஷ் என்றால் 56. ஐம்பது முனைகளுக்கு 2450. அதோடு பாதுகாப்புக்கான பைபாஸ் டனல்கள். எட்டு ரூட்டருக்கு இது தாங்கும். ஐம்பதுக்குப் போகிறவர்கள் ஆர்எஃப்சி 2961இன் ரிஃப்ரெஷ் ரிடக்‌ஷனைக் கட்டாயம் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப்பித்தல் செய்திகளே ரூட்டரின் சிபியூவைத் தின்னும்.

புதிதாகப் போடுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. டனல் எழுந்துவிட்டது, போக்குவரத்து அதில் ஏறவில்லை: டனலை ஐஜிபியின் கணக்கில் சேர்க்கும் ஆட்டோரூட் அறிவிப்பையோ ஸ்டேட்டிக் ரூட்டையோ போட மறந்திருப்பார்கள். பாதை கிடைக்கவில்லை என்று சொல்கிறது: ஐஎஸ்-ஐஎஸ்ஸில் அகல மெட்ரிக் இல்லை, அல்லது ஓஎஸ்பிஎஃப்பில் டிஇ இயங்கவில்லை, அல்லது இன்டர்ஃபேஸில் ஒதுக்கத்தக்க பேண்ட்வித்தே அறிவிக்கப்படவில்லை. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் அந்தக் கட்டளைக்கு எண் கொடுக்காவிட்டால் இணைப்பின் 75 விழுக்காடுதான் கணக்கில் வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மூன்றாவது, ரூட்டரைக் காக்கப் போட்ட ஃபில்டர் ஆர்எஸ்விபி செய்திகளுக்கான ஐபி புரோட்டோகால் எண் 46ஐத் தடுத்துவிடுவது.

இணைப்புகள் உச்ச நேரத்திலும் பாதிகூட நிறையாத நெட்வொர்க்கில் இத்தனை பொறியும் வீண். இன்னொரு 10 ஜிகாபிட் ஆப்டிக் வாங்குவது மலிவு. கடலடிக் கேபிள், தொலைதூர வாடகை இணைப்பு என்று ஒவ்வொரு ஜிகாபிட்டும் விலை உயர்ந்த இடத்தில்தான் ஆர்எஸ்விபி-டிஇ தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

செக்மென்ட் ரூட்டிங்: லேபிளை ஐஜிபியே சுமக்கும்

2018 ஜூலையின் ஆர்எஃப்சி 8402 இதன் கட்டமைப்பு. எம்பிஎல்எஸ் மேல் ஓடும் வடிவம் 2019 டிசம்பரின் ஆர்எஃப்சி 8660. இதில் லேபிளுக்கென்று தனி புரோட்டோகால் இல்லை. ஒவ்வொரு ரூட்டரும் தன் லூப்பேக்குக்கு ஒரு குறியீட்டெண்ணை ஓஎஸ்பிஎஃப் அல்லது ஐஎஸ்-ஐஎஸ் வழியாகவே அறிவிக்கிறது. எல்லா ரூட்டரிலும் பொதுவாக ஒதுக்கிய லேபிள் தொகுதி, அதாவது எஸ்ஆர்ஜிபி, 16000 முதல் 23999 வரை என்றால், 10.255.0.7க்கு எண் 7 கொடுத்தால், அதன் லேபிள் நெட்வொர்க் முழுவதும் 16007.

இதன் அருமை பழுது பார்க்கும்போது தெரியும். எல்டிபியில் ஒரே இலக்குக்கு ஒவ்வொரு ரூட்டரிலும் வெவ்வேறு லேபிள். பாதையைத் தொடர ரூட்டர் ரூட்டராக ஏறி எண்ணைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். இங்கே எந்த ரூட்டரில் பார்த்தாலும் 16007 என்றால் ஏழாவது ரூட்டருக்கு. ஒத்திசைவுப் பிரச்சினையும் போயிற்று: ஐஜிபி எழுந்தால் லேபிளும் எழுந்துவிட்டது. டனல் நினைவு நடு ரூட்டர்களில் கிடையாது. பாதையை மாற்ற வேண்டுமென்றால் தொடக்க ரூட்டரே லேபிள்களை அடுக்கி அனுப்பும்.

வேகமான மீட்புக்கு, லூப்-ஃப்ரீ ஆல்டர்னேட்டின் வளர்ந்த வடிவமான டிஐ-எல்எஃப்ஏ. ஐஜிபி ஒன்றுசேர்ந்த பிறகு போக்குவரத்து எந்த வழியில் ஓடுமோ அதே வழியை முன்கூட்டியே கணக்கிட்டு, தேவையான லேபிள்களை மாற்றாகத் தயாராக வைத்திருக்கும். வலைப்பின்னலில் மாற்றுவழி என்று ஒன்று இருந்தாலே போதும், வளையத்திலும் மெட்ரிக் கோணலாக இருக்கும் இடத்திலும் தேறும். இலக்கு 50 மில்லிவினாடி. இந்த எண்ணைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். அறுந்தது தெரிந்த பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓடுகிறது. நடுவில் மீடியா கன்வெர்ட்டரோ வாடகைச் சர்க்யூட்டோ இருந்தால் அந்தப் பக்கம் அறுந்தது இந்தப் பக்க போர்ட்டுக்குத் தெரியாது. ஐஜிபி ஹலோ காலாவதியாகும் வரை பாக்கெட்டுகள் பாழாகும். அப்படிப்பட்ட இணைப்புகளில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டி கட்டாயம். 50 மில்லிவினாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் அறுந்தது என்று வைத்தால் கண்டறியவே 150 ஆகும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எண்களை மனிதர்தான் ஒதுக்குகிறார். இரண்டு ரூட்டருக்கு ஒரே எண் விழுந்தால் அந்த லேபிளுக்கான போக்குவரத்து தவறான இடத்துக்குப் போகும் அல்லது நிற்கும். பழைய ரூட்டரின் கான்ஃபிகரேஷனை நகலெடுத்துப் புது ரூட்டரில் ஒட்டும்போதுதான் இது நடக்கிறது. லூப்பேக்கின் கடைசி எண்ணையே குறியீட்டெண்ணாக வைத்தால் தவறு குறையும். எஸ்ஆர்ஜிபி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். வெவ்வேறாக இருந்தாலும் புரோட்டோகால் சமாளிக்கும்: அண்டையின் தொகுதி 20000இல் தொடங்கினால் அதற்கு அனுப்பும்போது 20007. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே எண் என்ற வசதி அதோடு போய்விடும்.

சிப் எத்தனை லேபிளை ஒரே மூச்சில் அடுக்கும் என்பது உச்சவரம்பு. விபிஎன் லேபிள், போக்குவரத்து லேபிள், மாற்றுப்பாதைக்கு இரண்டு என்று குறைந்தது நான்கு தேவை. குறிப்பிட்ட வழியாகத்தான் போக வேண்டும் என்று கொள்கை எழுதினால் இன்னும் கூடும். பெட்டி வாங்கும் முன் இந்த எண்ணை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். செக்மென்ட் ரூட்டிங் (எஸ்ஆர்) ஆதரவு உண்டு என்ற ஒற்றை வரி போதாது.

பேண்ட்வித் கணக்கு இதில் இல்லவே இல்லை. வேண்டுமென்றால் வெளியே ஒரு கன்ட்ரோலர் உட்கார்ந்து, இணைப்புகளின் நிலையை பிஜிபி-எல்எஸ் வழியாக வாங்கி, பாதைகளைக் கணக்கிட்டுத் தள்ள வேண்டும். எட்டு ரூட்டர் நெட்வொர்க்குக்கு அந்தக் கன்ட்ரோலரே பராமரிக்க வேண்டிய இன்னொரு பெரிய பொருளாகிவிடும்.

லினக்ஸும் எஃப்ஆர்ஆரும்

சோதனைக்கூடத்துக்கும், வாடிக்கையாளர்கள் வந்து சேரும் சிறிய எட்ஜுக்கும் லினக்ஸ் போதும். கெர்னலில் எம்பிஎல்எஸ் 2015இல் 4.1 பதிப்போடு வந்தது. லினக்ஸில் ஓடும் ரூட்டிங் மென்பொருளான எஃப்ஆர்ரவுட்டிங்கில் (எஃப்ஆர்ஆர்) எல்டிபி உண்டு, ஓஎஸ்பிஎஃப்பிலும் ஐஎஸ்-ஐஎஸ்ஸிலும் செக்மென்ட் ரூட்டிங் உண்டு. ஆர்எஸ்விபி-டிஇ கிடையாது, அது வேண்டுமென்றால் மைக்ரோடிக் அல்லது பெரிய நிறுவனங்களின் பெட்டிகள்தான். லேயர் 2 இணைப்பை எம்பிஎல்எஸ் மேல் சுமக்கும் சூடோவயருக்கு எஃப்ஆர்ஆரின் எல்டிபி சிக்னல் பேசும், ஆனால் லினக்ஸ் கெர்னலுக்கு அதை ஓட்டத் தெரியாது. லேயர் 2 வாடிக்கையாளர் இருக்கிறார் என்றால் இந்த இடத்திலேயே நின்று யோசியுங்கள்.

செய்ய வேண்டியவை: எம்பிஎல்எஸ்-ரூட்டர், எம்பிஎல்எஸ்-ஐபிடனல் என்ற இரு மாட்யூல்களையும் ஏற்றுவது, கோர் இன்டர்ஃபேஸ் ஒவ்வொன்றுக்கும் சிஸ்கன்ட்ரோலில் எம்பிஎல்எஸ் இன்புட்டை 1 ஆக்குவது, வாடிக்கையாளர் பக்கத்தில் 0 ஆகவே விடுவது, பிளாட்ஃபார்ம் லேபிள்ஸ் என்ற வரம்பை உயர்த்துவது. இந்தக் கடைசி எண்ணில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இயல்பாக அது 0. லேபிள் எதையுமே கெர்னல் ஏற்காது. எல்டிபி பாடங்களைப் பார்த்து 1000 என்று வைப்பவர்களுக்கு எல்டிபி ஓடும், ஏனென்றால் அது 16இலிருந்து எண்ணத் தொடங்கும். அதே பெட்டியில் செக்மென்ட் ரூட்டிங்குக்கு மாறினால் 16007 வரம்புக்கு வெளியே. எஃப்ஆர்ஆர் லேபிளைக் காட்டும், கெர்னலில் இருக்காது. 100000 என்று வைத்துவிடுங்கள், உச்சம் 1048575. மாட்யூல்கள் ஏறிய பிறகே இந்த அமைப்புகள் இருக்கும் என்பதால், பூட் ஆகும்போது வரிசை தவறினால் மறுதொடக்கத்துக்குப் பின் எம்பிஎல்எஸ் செத்துக் கிடக்கும்.

எஃப்ஆர்ஆரின் ஓஎஸ்பிஎஃப்பில் செக்மென்ட் ரூட்டிங்கை மட்டும் இயக்கினால் போதாது. ஒபேக் திறன், டிஇ, ரூட்டர் இன்ஃபர்மேஷன் அறிவிப்பு ஆகியவையும் இயங்க வேண்டும். கடைசியானதை விட்டுவிட்டால் எஸ்ஆர்ஜிபி அண்டைக்குப் போய்ச் சேராது; லேபிள் அட்டவணை காலியாக இருக்கும்.

கோர் இணைப்புகள் உங்கள் கையில் இல்லாமல் பொது இணையத்தின் மேல் ஓடுகின்றன என்றால் மூன்றும் வேண்டாம். நடுவில் உள்ள ரூட்டர்கள் உங்கள் லேபிளைக் கடத்தாது. அங்கே விஎக்ஸ்லேன் போன்ற ஐபி மேல் ஓடும் டனல்தான் சரி, அதற்கு 50 பைட் கூடுதல் தலைப்பு என்றாலும்.

சரிபார்க்கும் முறை

சாதாரண பிங் லேபிள் பாதையைச் சோதிக்காது. எல்எஸ்பி பிங் வேண்டும், ஆர்எஃப்சி 8029. அது 127இல் தொடங்கும் முகவரிக்கு யுடிபி 3503இல் அனுப்புகிறது. லேபிள் பாதை நடுவில் அறுந்தால் அந்த முகவரியை ஐபி வழியாக அனுப்ப முடியாததால், அறுந்த இடத்திலேயே உண்மை வெளிப்படும். லேயர் 2 சேவையில் கன்ட்ரோல் வேர்டை இயக்குங்கள். லேபிளுக்கு அடுத்து வரும் முதல் நான்கு பிட்டைப் பார்த்து, 4 என்றால் ஐபிவி4, 6 என்றால் ஐபிவி6 என்று ஊகித்துப் போக்குவரத்தைப் பிரிக்கும் ரூட்டர்கள் உண்டு. வாடிக்கையாளரின் மேக் முகவரி 4 அல்லது 6இல் தொடங்கினால் ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் வெவ்வேறு இணைப்பில் போய் வரிசை குலையும். ஒரே ஒரு சர்வருக்கு மட்டும் வேகம் வரவில்லை என்ற விசித்திரமான புகாரின் பின்னால் இது இருக்கலாம்.

சேவைத் தரத்துக்கு லேபிளின் 3 பிட்டை நம்பியிருந்தால், கடைசிக்கு முந்தைய ரூட்டர் லேபிளைக் கழற்றும்போது அதுவும் போய்விடும். எக்ஸ்பிளிசிட் நல், அதாவது லேபிள் 0, கேட்டு வாங்கினால் கடைசி வரை நிற்கும்.

ஓடும் எல்டிபியிலிருந்து மாறுவது

ஏற்கெனவே எல்டிபி நன்றாக ஓடுகிறது, ஒத்திசைவு போடப்பட்டிருக்கிறது, மீட்புக்குச் சில வினாடிகள் ஆனால் யாரும் கேட்பதில்லை என்றால் மாற்ற அவசரம் இல்லை. பெட்டிகளைப் புதுப்பிக்கும்போது மாற்றுங்கள். மாற்றும்போது கத்தி வைத்து வெட்டுவதுபோல் செய்யத் தேவையில்லை. இரண்டும் ஒரே பெட்டியில் சேர்ந்து ஓடும். முதலில் எல்லா ரூட்டரிலும் எஸ்ஆர்ஜிபியை ஒதுக்கிவையுங்கள். அந்த எண்களில் எல்டிபி ஏற்கெனவே லேபிள் கொடுத்திருந்தால் மோதும், மறுதொடக்கம் கேட்கும். சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்ஆர் தன் தானியங்கி லேபிள்களை 24000இலிருந்து தொடங்குவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. அடுத்து, செக்மென்ட் ரூட்டிங்கை எல்லா இடத்திலும் இயக்குங்கள். சிஸ்கோவில் எல்டிபிக்கே முதலிடம் என்பதால் போக்குவரத்து அசையாது. எட்டு லேபிள்களும் எட்டு ரூட்டரிலும் இருப்பதைப் பார்த்து, எல்எஸ்பி பிங் அடித்து, பிறகு ஒரு எட்ஜ் ரூட்டரில் மட்டும் எஸ்ஆருக்கு முன்னுரிமை கொடுங்கள். ஒரு வாரம் அப்படியே ஓடட்டும். பிறகு அடுத்தது. எஸ்ஆர் தெரியாத பழைய பெட்டி இடையில் மாட்டிக்கொண்டால், அதன் சார்பாக எண்ணை அறிவிக்க மேப்பிங் சர்வர் ஒன்றை, இயன்றால் இரண்டை, அமையுங்கள்.

கடைசியில் கோர் இன்டர்ஃபேஸ்களிலிருந்து எல்டிபியைக் கழற்றலாம். அதற்கு முன் சூடோவயர்களைப் பாருங்கள். லேயர் 2 சர்க்யூட்டுகள் டார்கெட்டட் எல்டிபியால் சிக்னல் செய்யப்பட்டிருந்தால், போக்குவரத்து லேபிள் எஸ்ஆருக்கு மாறிய பிறகும் சர்க்யூட்டின் லேபிளை எல்டிபிதான் சொல்லிக்கொண்டிருக்கும். எல்டிபி புராசஸை மொத்தமாக நிறுத்தினால் அந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே விழுவார்கள். அந்தச் சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாக, பிஜிபி வழியாகச் சிக்னல் செய்யும் ஈவிபிஎன்னுக்கு மாற்றி முடிக்கும் வரை, இன்டர்ஃபேஸ்களில் எல்டிபி இல்லாமல் டார்கெட்டட் செஷன்களை மட்டும் விட்டுவையுங்கள்.